யாரை எடுப்பார்கள்? கபடி ஏலமும் காவிரிக்கரை ஜோசியமும்

தஞ்சைச் சீமைக்கு ஏலம் புதிது அல்ல. ஊர்க் குளத்து மீனை ஏலம் விடுவார்கள். கோயில் தோப்புத் தேங்காயை ஏலம் விடுவார்கள். திருவிழாவில் கடை போடும் இடத்தைக்கூட ஏலம் விடுவார்கள். "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று குரல் எழும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மனிதரை ஏலம் விட்டால்?

விடுகிறார்கள்! நம் ஊர்க் கபடிக்காரர்களைத்தான் விடுகிறார்கள்.

2014-ம் ஆண்டு மே மாதம் மும்பையில் புரோ கபடிப் போட்டிக்கான முதல் ஏலம் நடந்தது. அன்று மிக அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். பாட்னா அணி அவரை 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. "சடுகுடு ஆடுகிறவனுக்கு இவ்வளவு பணமா?" என்று ஜனங்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். ஒன்பதே வருடம். 2023-ல் பவன் செராவத் என்ற ஆட்டக்காரரைத் தெலுங்கு டைட்டன்ஸ் அணி 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது!

ஏலம் என்றாலும் ஆளை விற்பது இல்லை. அவருடைய ஆட்டத்தைத்தான் ஒப்பந்தம் போட்டு வாங்குகிறார்கள். 12 அணிகளின் சொந்தக்காரர்களும் பயிற்சியாளர்களும் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெயரை அறிவித்ததும் வேண்டியவர்கள் விலையைக் கூட்டுவார்கள். கடைசியாகக் கேட்டவருக்கு ஆட்டக்காரர் சொந்தம்.

இந்த ஏலம் வரும்போதெல்லாம் கபடி ஆடும் ஊர்களில் ஒரு ஜோசியம் கிளம்பிவிடும். "தமிழ் தலைவாஸ் இந்தத் தடவை யாரை எடுக்கும்? நம் பக்கத்துப் பையனை யாராவது கேட்பார்களா?" டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு, வாய்க்கால் மதகில் வந்தும் முடியாது.

அந்த ஜோசியம் பலிப்பது உண்டா? பாதி பலிக்கும். மீதிப் பாதி ஏன் பலிப்பது இல்லை என்பதுதான் விசேஷம்.

அமெரிக்காவில் நடக்கும் வேடிக்கை

இந்த ஜோசியத்தை ஒரு தொழிலாகவே நடத்தும் தேசம் அமெரிக்கா. அங்கே 'புட்பால்' என்று அவர்கள் சொல்லும் ஆட்டம், நாம் காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். குறுக்கே வருகிறவர்களை முட்டித் தள்ளுவார்கள்.

அங்கே ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்களிலிருந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஏலம் கிடையாது. வரிசை முறை. முந்திய ஆண்டு எல்லாவற்றிலும் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. ஜெயித்த அணிக்குக் கடைசி இடம். இளைத்தவனுக்கு முதல் பந்தி என்கிற நியாயம்! எந்த அணி எந்தப் பையனை எடுக்கும் என்று மாதக்கணக்கில் அங்கே பத்திரிகைகள் ஜோசியம் எழுதும்.

அந்த ஜோசியத்தின் லட்சணத்தைப் பாருங்கள். 1936-ல் நடந்த முதல் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழக மாணவர். கல்லூரி ஆட்டத்தில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர். சம்பளப் பேச்சு ஒத்துவரவில்லை. அவர் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நாள்கூட இறங்கவே இல்லை.

2000-ம் ஆண்டில் டாம் பிரேடி என்ற மாணவரின் பெயரைக் கூப்பிடுவதற்குள், முன்னால் 198 பேரை எடுத்துவிட்டார்கள். 199-வது ஆளாக எடுக்கப்பட்ட அவர்தான் பிற்பாடு ஏழு முறை அந்நாட்டின் உச்சக் கோப்பையை வென்றார்.

அத்தனை நிபுணர்கள், அத்தனை கணக்குகள் இருந்தும் இப்படி. நம் டீக்கடைக்காரர்கள் வெட்கப்பட வேண்டியது இல்லை.

வயலில் ஒரு கண், ஏலத்தில் ஒரு கண்

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காய்ந்ததும் காவிரிப் படுகையில் கபடிக்குக் களம் தயார். கோடு கிழித்து, கம்பம் நட்டு, விளக்குப் போட்டுவிட்டால் ராத்திரி முழுதும் ஆட்டம். பொங்கலுக்கு ஒரு போட்டி, கோயில் திருவிழாவுக்கு ஒரு போட்டி. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் ஏறி வந்துவிடுவார்கள்.

அங்கே கைத்தட்டு யாருக்கு? "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு போய், மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் துள்ளித் திரும்பி வருகிறானே, அவனுக்குத்தான். அவனைத் தோளில் தூக்குவார்கள். பிடிக்கிற பையனுக்கு அவ்வளவு மவுசு கிடையாது. மூலையில் குனிந்து நின்று, சரியான நேரத்தில் கணுக்காலைப் பிடித்து ஆளைச் சாய்க்கிறவனை, மறுநாள் காலையில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

ஏலத்தில் அப்படி இல்லை. முகமதுரேசா ஷாட்லூயி என்று ஈரான் தேசத்து ஆட்டக்காரர். இடது மூலையில் நின்று பிடிப்பதில் பெயர் வாங்கியவர். 2023-ல் அவரைப் புனே அணி 2 கோடியே 35 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்தத் தொடரில் கோப்பை புனேக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அவரை எடுத்தது அரியானா. கோப்பையும் அரியானாவுக்கே போயிற்று! 2025 ஏலத்தில் எல்லாரையும்விட அதிக விலை, 2 கோடியே 23 லட்சம் ரூபாய், அவருக்குத்தான். கொடுத்தது குஜராத் அணி.

நெல்லைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். விவசாயி கதிரைப் பார்ப்பார், மணியைக் கையில் அள்ளிப் பார்ப்பார், "முதல் தரம்" என்பார். கொள்முதல் நிலையத்தில் கருவியை வைத்து ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்கு மேல் போனால் பேச்சு வேறு. நெல் ஒன்றுதான், பார்க்கிற கண்தான் இரண்டு. ஊர் பார்ப்பது வீரத்தை. ஏலத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது, தன் அணியில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதை!

எந்த இடம் காலி?

ஒரு கோஷ்டிக்கு ஏழு பேர் களத்தில் நிற்பார்கள். இடது மூலை, வலது மூலை, இரண்டு பக்கமும் 'கவர்' என்ற இடம், இரண்டு பக்கமும் 'இன்' என்ற இடம், நடுவில் ஒருவர். பெரும்பாலும் மூலைகளிலும் கவரிலும் நிற்கும் நான்கு பேர் பிடிகாரர்கள். மற்ற மூன்று பேர் பாடிப் போகிற ரைடர்கள்.

இதில் இடது மூலைக்காரரை வலது மூலையில் நிறுத்தினால் அவர் பாதி ஆள்தான். இடக்கைப் பழக்கக்காரரை வலக்கையால் நாற்று நடச் சொன்னது போல ஆகிவிடும். ஆகவே ஓர் அணி வலது மூலைக்கு ஆள் தேடும்போது, ஊரில் எத்தனை பெரிய ரைடர் இருந்தாலும் அந்தச் சமயம் கை தூக்கமாட்டார்கள்.

ஏலத்துக்கு முன்னால் ஒவ்வோர் அணியும் தன் பழைய ஆட்களில் சிலரை விடாமல் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயர்கள் முன்கூட்டியே வெளியாகிவிடும். உண்மையான ஜோசியம் அங்கேதான் இருக்கிறது. யார் யாரை வைத்துக்கொண்டார்கள் என்று ஏழு இடத்திலும் நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டம் காலியோ, அதற்குத்தான் ஏலத்தில் பணம் கொட்டும்.

அடுத்தது பணப்பை. ஓர் அணி இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று உச்சவரம்பு உண்டு. 2022 வரை அது 4 கோடியே 40 லட்சம் ரூபாய். 2023-ல் 5 கோடி ஆயிற்று. அதற்குள் குறைந்தது 18 பேர், அதிகம் போனால் 25 பேர். கல்யாணச் செலவு போலத்தான். பந்தலுக்கே பாதிப் பணம் போய்விட்டால் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

ஆட்டக்காரர்களையும் நான்கு பிரிவாகப் பிரித்திருப்பார்கள். 2023 ஏலத்தில் ஆரம்ப விலை 'ஏ' பிரிவுக்கு 30 லட்சம், 'பி' பிரிவுக்கு 20 லட்சம், 'சி' பிரிவுக்கு 13 லட்சம், 'டி' பிரிவுக்கு 9 லட்சம். கேள்வி அதிலிருந்து மேலே ஏறும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. 2018-ல் கொண்டுவந்தது. தன்னிடம் முன்பு ஆடியவரை வேறோர் அணி கடைசி விலைக்குக் கேட்டுவிட்டாலும், "அதே விலையை நாங்கள் கொடுக்கிறோம்" என்று பழைய அணி அட்டையைக் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதனால் கெட்டுப்போன ஜோசியங்கள் கொஞ்சம் அல்ல!

பலித்தும் பலிக்காத கதை

தமிழ் தலைவாஸ் அணி 2017-ல் பிறந்தது. சென்னையைத் தாய்வீடாகக் கொண்டது. 2022 ஏலத்துக்கு முன் அதன் நிலைமையைப் பார்ப்போம்.

வலது மூலைக்கு சாகர் இருந்தார். இடது மூலைக்கு சாஹில். கவர் இடங்களுக்கு எம்.அபிஷேக், மோஹித். பிடிக்கிற பக்கம் கோட்டை போல இருந்தது. பாடிப் போகிற பக்கம் அஜிங்கிய பவார் இருந்தார். ஆனால் தனி ஒருவராக ஆட்டத்தையே திருப்பக்கூடிய பெரிய கை இல்லை. ஆகவே, "தலைவாஸ் ஒரு பெரிய ரைடரைத்தான் எடுக்கும்" என்று சொல்ல ஜாதகம் பார்க்க வேண்டியதே இல்லை.

அப்படியே நடந்தது. பெங்களூரு அணியில் புள்ளிகளைக் குவித்துக்கொண்டிருந்த பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை கபடியில் யாரும் காணாத விலை. பணப்பையில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போயிற்று. மற்ற அத்தனை பேருக்கும் சேர்த்து மிஞ்சியது 2 கோடியே 14 லட்சம்.

2022 அக்டோபரில் போட்டி தொடங்கியது. தலைவாஸுக்கு முதல் ஆட்டம் குஜராத்தோடு. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அந்தத் தொடர் முழுவதும் அவர் திரும்பவே இல்லை.

சொன்ன ஜோசியம் பலித்தது. எடுத்த ஆள் மட்டும் இல்லை!

அப்போது யார் கைகொடுத்தது? நரேந்தர் என்ற அரியானாப் பையன். அவர் பெரிய விலைக்குப் போனவர் அல்ல. 'புதிய இளம் வீரர்' என்ற வகையில் அணி சேர்த்துக்கொண்ட புதுமுகம். எந்த டீக்கடையிலும் அந்தப் பெயரை யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பையன் முதல் தொடரிலேயே இருநூறுக்கும் அதிகமான புள்ளிகளை எடுத்தார். தலைவாஸ் தன் சரித்திரத்தில் முதல் தடவையாக அரையிறுதிக்குப் போயிற்று. அரையிறுதியில் புனேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றது, பாவம்.

பெரிய விலை கொடுத்தால் பெரிய ஜெயம் என்பது இல்லை. 2024-ல் தலைவாஸ் சச்சின் தன்வர் என்பவருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தது. அந்த ஏலத்தில் அதுதான் உச்சம். அந்தத் தொடரில் அணி முதல் ஆறு இடத்துக்குள்கூட வரவில்லை.

"தமிழ் அணியில் தமிழ்ப் பையன் எங்கே?"

ஒவ்வோர் ஏலமும் முடிந்ததும் எழும் கேள்வி இது. கோபத்தோடு கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு. ஆனால் தமிழ் தலைவாஸின் பெரிய பெயர்களைப் பாருங்கள். முதல் தலைவர் அஜய் தாக்குர், இமாச்சலப் பிரதேசத்துக்காரர். பவன், டெல்லி. சச்சின், ராஜஸ்தான். 2025-ல் 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்த அர்ஜுன் தேஷ்வால், உத்தரப் பிரதேசம்.

ஏலத்தில் உட்காருகிறவருக்குத் தெரிந்த மொழி புள்ளிக்கணக்கு ஒன்றுதான். இவர்கள் எல்லாரும் ஏற்கெனவே இந்தப் போட்டியில் ஆடிக் கணக்குக் காட்டியவர்கள். கணக்கு இல்லாத பையனை அவர் எப்படி அறிவார்? கீழத்தஞ்சையில் வயல்வெளியில் நூறு போட்டியில் கோப்பை வாங்கியவன் என்றால் அது எந்த ஏட்டிலும் ஏறாது. புள்ளி எழுதிய சிலேட்டும் மறுநாள் துடைத்தாகிவிடும்.

களமும் வேறு. இங்கே மண். அங்கே ரப்பர் விரிப்பு. மண்ணில் வெறுங்காலோடு வழுக்கிக்கொண்டே திரும்புகிற பையன், விரிப்பில் ஷூ போட்டு இறங்கினால் கால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பழகாதவனுக்கு முழங்கால் போய்விடும். இங்கே பிடித்தால் ஆளைத் தரையில் அழுத்திவிடலாம். அங்கே ஒரு விரல் கோட்டைத் தொட்டாலும் அவன் தப்பினவன். பெரிய திரையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். "நான் தொடவே இல்லை" என்று சண்டை போட முடியாது!

பையனைப் பெரியவர்கள் கண்ணில் படவைக்கும் வாசல்கள் சில உண்டு. மாநில அணி ஒன்று. தேசியப் போட்டி ஒன்று. இன்னொன்று கல்லூரி. அமெரிக்கக் கதை இங்கேயும் எட்டிப் பார்க்கிறது. 2022-ல், பல்கலைக்கழகங்களுக்கான 'கேலோ இந்தியா' கபடிப் போட்டியில் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளின் 24 மாணவர்களையும் புரோ கபடி ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆகவே கபடி ஆடுகிற பையன் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டான் என்றால், அவன் ஒரு வாசலைத் தானே சாத்திக்கொண்டான் என்று பொருள்.

வாசல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. மன்னார்குடிக்கும் தஞ்சைக்கும் நடுவில் இருக்கிறது வடுவூர். கோதண்டராமர் கோயிலுக்கும் ஏரிப் பறவைகளுக்கும் பெயர் போன ஊர். கபடிக்கும் பெயர் போன ஊர். அந்த ஊர் அபினேஷ் மோகன்தாஸ், 2025 அக்டோபரில் பஹ்ரைன் தேசத்தில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியில் ஆடித் தங்கம் வென்றார். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் தங்கம் வென்றார். இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஏலத்தில் 'டி' பிரிவின் ஆரம்ப விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் கேட்கும் கேள்வி

டீக்கடையில் கேட்கும் கேள்வி "யாரை எடுப்பார்கள்?" வீட்டில் அம்மா கேட்கும் கேள்வி வேறு. "எடுக்காவிட்டால்?"

நல்ல கேள்வி அது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 அணி, அணிக்கு அதிகபட்சம் 25 பேர் என்றால் மொத்தமே 300 இடம். அதிலும் ஒரு பகுதி பழைய ஆட்களை வைத்துக்கொள்வதில் போய்விடும். மீதி இடத்துக்கு ஏலப் பட்டியலில் 500 பேருக்கு மேல் நிற்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் விலை போகாமல் வீடு திரும்புவார்கள். பெயரை அறிவிப்பார்கள், கூடம் மௌனமாக இருக்கும், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

சின்ன ஆட்டக்காரருக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். பர்தீப் நர்வால் என்று ஒரு சூரர். இந்தப் போட்டியில் பாடிப் போய் 1,801 புள்ளி எடுத்தவர். பாட்னா அணி தொடர்ந்து மூன்று கோப்பை வாங்கியதற்கு அவரும் ஒரு தூண். 2021-ல் அவரை 1 கோடியே 65 லட்சத்துக்கு எடுத்தார்கள். 2024-ல் 70 லட்சம். 2025 ஏலத்தில் அவர் பெயரை வாசித்தார்கள். ஒரு கைகூட எழவில்லை! அந்த ஏலத்தோடு அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அதனால்தான் கபடிக்காரப் பையன்களின் வீட்டில் பழைய வழியை இன்னும் விடவில்லை. ரயில்வே, போலீஸ், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அதில் கோடி கிடைக்காது. முழங்கால் போனாலும் முதல் தேதி சம்பளம் வரும். ஏலத்துக்குப் போகக் கூடாது என்பது அல்ல. வேலையையும் வைத்துக்கொண்டு ஏலத்துக்கும் போகிறவர்கள்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

யாரும் சொல்லாத பெயர்

கடைசியாக ஒரு பெயர். 2014-ல் முதல் ஏலம் நடந்தபோது, எந்த ஜோசியரும் நீண்டகாலத்துக்குச் சொல்லியிருக்க முடியாத பெயர் அது.

கல்லணைக்குக் கிழக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் திருச்சென்னம்பூண்டி என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் தர்மராஜ் சேரலாதன். 1975 ஏப்ரலில் பிறந்தவர். முதல் போட்டி தொடங்கியபோது அவருக்கு வயது 39. கபடியில் அந்த வயதுக்கு மற்றவர்கள் விசிலை வாங்கி நடுவராகிவிடுவார்கள். இவரோ பெங்களூரு அணியில் இறங்கினார்.

2016-ல் பாட்னா அணி இவரைத் தலைவராக்கியது. அணியில் இருந்த சில பையன்களுக்கு இவர் வயதில் பாதிதான். ஜூலை 31-ந்தேதி ஐதராபாத்தில் இறுதி ஆட்டம். ஜெய்ப்பூரை 37-29 என்று தோற்கடித்தது பாட்னா. கோப்பையைத் தூக்கியவர் தஞ்சைக்காரர்! அதே ஆண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை. இந்திய அணியில் 41 வயது சேரலாதனும் இருந்தார். ஈரானை வென்று இந்தியா கோப்பை வாங்கியது.

பிறகு புனே எடுத்தது. மும்பை எடுத்தது. 2019-ல் அரியானா எடுத்துத் தலைவராக்கியது. கபடிக்கே விளைநிலம் என்று பெயர் வாங்கிய அரியானா, காவிரிக்கரைக்காரரைத் தலைவராக வைத்துக்கொண்டது! 2021-ல் ஜெய்ப்பூர் எடுத்தது. அப்போது வயது 46. வடநாட்டுப் பையன்கள் எல்லாரும் அவரை "அண்ணா" என்றே கூப்பிட்டார்கள். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அவர்கள் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள்.

ஏன் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்? அவர் நிற்கும் இடம் வலது மூலை. பாடிப் போகிறவருக்குக் கால் வேகம் வேண்டும். அது முப்பதுக்கு மேல் குறைய ஆரம்பிக்கும். மூலையில் நிற்கிறவருக்கு வேண்டியது பொறுமை. எதிராளி எந்தக் காலைத் தூக்குவான், எப்போது தூக்குவான் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது வயதோடு கூடுமே தவிரக் குறையாது. பக்கத்தில் நிற்கும் பையன் அவசரப்பட்டுப் பாயும்போது "இரு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஓர் அணியில் திறமைசாலிப் பையன்கள் ஏழு பேர் இருக்கலாம். "இரு" என்று சொல்லும் ஆள் இல்லாவிட்டால் அதுதான் காலி இடம். ஒவ்வோர் ஏலத்திலும் ஏதாவது ஓர் அணிக்கு அந்த இடம் காலியாக இருந்தது.

தமிழ் தலைவாஸ் மட்டும் அவரை எந்த ஏலத்திலும் ஆட்டக்காரராக எடுக்கவில்லை. 2024-ல்தான் அழைத்தது. இந்தத் தடவை ஏலம் இல்லை. அணிக்கு வியூகம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் பதவி. ஏலத்தில் யாரை எடுப்பது என்று மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து யோசிக்கிற அணியில், திருச்சென்னம்பூண்டிக்காரர் 49-வது வயதில் சேர்ந்தார்.